மரச்சீனிக்குள் இருந்த நெருப்பு

அவித்த கிழங்கில் ஒரு துண்டை எடுத்து, தொட்டுக்கொள்ள எதுவும் இல்லாமல் வாயில் போட்டு, விழுங்காமல் ஒரு நிமிடம் மென்று பாருங்கள். முதலில் சப்பென்று இருக்கும். மாவு கரையக் கரைய நாக்கின் ஓரத்தில் லேசாக ஓர் இனிப்பு தட்டும். மீன்குழம்பு கொதித்து இறங்கும்வரை பொறுக்க முடியாமல் வெறுங்கிழங்கைத் தின்ற பிள்ளைகள் எல்லோருக்கும் இந்த இனிப்பு தெரியும்.

திருவனந்தபுரத்திலும் அதற்குத் தெற்கே கன்னியாகுமரி மாவட்டத்திலும் இந்தக் கிழங்குக்கு மரச்சீனி என்று பேர். திருச்சூர்ப் பக்கம் கொள்ளி, மலப்புறத்தில் பூளை, நடுக்கேரளத்தில் கப்பை. சேலத்துக்காரர்களுக்கு மரவள்ளி, குச்சிக்கிழங்கு. மரச்சீனி என்ற பேரில் சீனி எப்படி வந்து ஒட்டியது என்பதற்கு ஆளுக்கொரு விளக்கம் உண்டு. ரசாயனம் படித்த எனக்கு அந்தப் பேர் அப்படியே பொருந்துவதாகத்தான் படுகிறது. ஏனென்றால் கிழங்கின் மாவு முழுவதும் சீனிதான். குளுக்கோஸ் மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கில் ஒன்றின் கையை ஒன்று பிடித்துக்கொண்டு சங்கிலியாக நிற்கின்றன. சங்கிலியாக நிற்கும்வரை நாக்குக்கு இனிப்பு தெரியாது. உமிழ்நீரில் உள்ள ஒரு நொதி அந்தக் கைகளைப் பிரித்துவிட்டதும் தெரிகிறது. நொதி தான் செலவாவதில்லை. ஒரு கண்ணியை அறுத்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடுகிறது. இப்படித் தான் தீராமல் பிறவற்றை மாற்றும் பொருளுக்குத்தான் வினையூக்கி என்று பேர். அதாவது, செடியின் சீனியை வினையூக்கியால் மாற்றும் வேலை ஒவ்வொரு வாயிலும் தினமும் நடக்கிறது. இந்த வேலையை வாய்க்கு வெளியே செய்து, சீனியை வண்டியில் எரியும் திரவமாகவும் பாட்டிலாகவும் ஆக்கியதற்கு ஒரு நீண்ட கதை இருக்கிறது. அதில் மரச்சீனிக்கும் திருவனந்தபுரம் நகரத்துக்கும் பங்குண்டு.

கிழங்கு இங்கே சொந்தமாக முளைத்ததல்ல. தென்னமெரிக்காவில் பிறந்தது. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் ராமவர்மா மகாராஜாதான் இதை ஏழைகளின் உணவாக ஊர் முழுக்கப் பரப்பினார். செடி கொடிகளில் பெரும் ஈடுபாடு கொண்ட மன்னர் அவர். திருவனந்தபுரத்துக்குள் மரச்சீனிவிளை என்றே ஓர் இடம் இருக்கிறது. மன்னர் பயிரிட்டுக் காட்டிய விளை அதுதான் என்று ஊரில் சொல்வார்கள். நஞ்சு என்று ஜனங்கள் தொடப் பயந்தார்கள் என்றும், வேகவைக்கும் முறையை அரண்மனையே சொல்லிக்கொடுத்தது என்றும் கதை உண்டு.

அந்தப் பயத்தில் நியாயம் இருந்தது. மரச்சீனி இலையை வயிறு நிறைய மேய்ந்த ஆடு சுருண்டு விழுவதைக் கண்டவர்கள் கிராமங்களில் இருக்கிறார்கள். கிழங்கின் செல்லுக்குள் லினமாரின் என்று ஒரு பொருள் இருக்கிறது. அதுவும் குளுக்கோஸோடு பிணைந்த ஒன்றுதான். ஆனால் அதன் மறுகையில் சயனைடு. அதை உடைக்கும் நொதியைச் செடி வேறோர் அறையில் பூட்டி வைத்திருக்கிறது. கடித்தாலோ நசுக்கினாலோ இரண்டும் கலந்து சயனைடு வெளிப்படும். தோலும் அதற்கடியில் இருக்கும் இளஞ்சிவப்புப் பட்டையும் போக உரித்து, துண்டு போட்டு, நிறையத் தண்ணீரில் கொதிக்கவிட்டு, அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டும் வழக்கம் இதற்காகத்தான். கொதிக்கும்போது பாத்திரத்தைத் திறந்தே வைக்கச் சொல்வார்கள். சயனைடு ஆவியோடு போகட்டும் என்ற கணக்கு அதற்குள் இருக்கிறது. வினையூக்கி என்ற சொல்லைக் கேட்டிராத பாட்டிமார்கள் ஒரு நொதியின் வேலையைக் கையாளக் கற்றிருந்தார்கள்.

மாவிலிருந்து சீனியை வெளியே எடுக்கும் வழியை முதலில் கண்டவர் கிர்க்காஃப் என்ற வேதியியலாளர். நெப்போலியன் காலத்துப் போர்களால் ஐரோப்பாவுக்குக் கரும்புச் சர்க்கரை வருவது தடைப்பட்டிருந்த சமயம். 1811-ல் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் அவர் மாவுச்சத்தைக் கொஞ்சம் கந்தக அமிலம் சேர்த்த தண்ணீரில் மணிக்கணக்கில் கொதிக்க வைத்தார். பசை நீர்த்து, இனிக்கும் பாகு ஆயிற்று. அமிலத்தை அளந்து பார்த்தால் போட்டது போட்டபடியே இருந்தது. செலவே ஆகாமல் வேலை செய்திருக்கிறது! 1833-ல் பாயன், பெர்சோ என்ற இரண்டு பிரெஞ்சுக்காரர்கள் முளைகட்டிய பார்லியிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்தார்கள். அது அமிலம் செய்த அதே வேலையை இன்னும் மென்மையாக, குறைந்த சூட்டில் செய்தது. டயஸ்டேஸ் என்று பேர் வைத்தார்கள். தனியாகப் பிரித்தெடுக்கப்பட்ட முதல் நொதி அதுதான். இதையெல்லாம் சேர்த்துப் பார்த்த சுவீடன் அறிஞர் பெர்சீலியஸ் 1835-ல் இந்த வகை மாற்றத்துக்கு ஒரு பொதுப்பேர் சூட்டினார்: கேட்டலிசிஸ். வினையூக்கம் என்ற கருத்தே பாதி, மாவு சீனியான அதிசயத்தை விளக்கப் போய்ப் பிறந்ததுதான். இன்று சீனியிலிருந்து எரிபொருள் என்றால் ஏதோ புத்தம்புதிய துறை என்று நினைக்கிறோம். அந்தத் துறையின் தொட்டிலே இதுதான்.

நம் பக்கம் வருவோம். இரண்டாம் உலகப் போரில் பர்மா அரிசி நின்றபோது திருவிதாங்கூரில் பல வீடுகளில் உயிரைப் பிடித்து வைத்தது மரச்சீனி. அதே போர்க்காலத்தில் கிழங்குக்கு வேறொரு பிறவியும் வாய்த்தது. வெளிநாட்டு மக்காச்சோள மாவு கிடைக்காத நேரம். வியாபாரத்துக்காகக் கேரளம் வந்துபோய்க்கொண்டிருந்த சேலத்து மீன் வியாபாரி மாணிக்கம் செட்டியார் இங்கிருந்து மரவள்ளி மாவு வாங்கி விற்றார். பினாங்கில் ஜவ்வரிசி செய்யும் முறையை அறிந்திருந்த போபட்லால் ஷா அவரோடு சேர்ந்தார். 1943-ல் சேலத்தில் ஜவ்வரிசி பிறந்தது. அடுத்த வருடமே பஞ்சம். ஜனங்கள் தின்னும் கிழங்கை ஆலைக்குக் கொண்டுபோகக் கூடாதென்று மாவட்ட ஆட்சியர் தடை போட்டார். ஆலைக்காரர்கள் போராடித்தான் தடை விலகியது. இந்தத் தடையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் 1963-ல் மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் வந்தது. எச் 226, எச் 165 என்று 1971-ல் அங்கிருந்து வெளிவந்த ரகங்கள்தான் பிறகு சேலம், நாமக்கல் பகுதி ஆலைகளின் கிழங்காயின. 1977-ல் வந்த ஒரு ரகத்துக்கு ஸ்ரீ விசாகம் என்று பேர் வைத்தார்கள்; மகாராஜாவுக்கு அவர் பரப்பிய செடியிலேயே ஒரு நினைவு. கிழங்கு மாவிலிருந்து ஆல்கஹால் எடுக்கும் முறைக்கு இந்த நிலையம் 1980-களிலேயே காப்புரிமை வாங்கியது. பிறகு பல ஆண்டுகள் அது தாளோடு நின்றது. 2022 மார்ச்சில் கேரள நிதியமைச்சர் கே.என். பாலகோபால் தம் வரவுசெலவுத் திட்டத்தில் மரச்சீனியிலிருந்து எத்தனால் எடுக்கும் ஆராய்ச்சிக்கு 2 கோடி ரூபாய் ஒதுக்கி, பொறுப்பை இந்த நிலையத்துக்கே கொடுத்தார்.

முறை இப்படித்தான். கிழங்கை அரைத்துக் கூழாக்கி, கிட்டத்தட்ட கொதிக்கும் சூட்டில் ஒரு நொதியைப் போடுகிறார்கள். அள்ளினால் கரண்டியோடு வரும் கெட்டிக் கூழ், பார்த்துக்கொண்டிருக்கும்போதே கஞ்சித்தண்ணீர் போல் இளகிவிடும். சங்கிலிகள் நடு நடுவே அறுபட்டுவிட்டன என்று அர்த்தம். பிறகு 60 டிகிரி வாக்கில் ஆறவைத்து இரண்டாவது நொதி. அது துண்டுகளின் நுனியிலிருந்து குளுக்கோஸை ஒவ்வொன்றாகக் கழற்றுகிறது. இன்னும் ஆறியதும் ஈஸ்ட். கடைசியில் காய்ச்சி வடித்தல். எவ்வளவு வடித்தாலும் நூற்றுக்கு நாலரைப் பங்கு தண்ணீர் எத்தனாலை விடாமல் ஒட்டிக்கொண்டிருக்கும். அதை ஜியோலைட் என்ற நுண்துளைக் கனிமத்தின் மேல் ஓடவிட்டு உறிஞ்சுகிறார்கள்.

கணக்கைப் பார்ப்போம். கிழங்கில் நாலில் ஒரு பங்கு மாவு என்று வைத்தால் ஒரு டன்னில் 250 கிலோ மாவு. அதிலிருந்து ஒரு பொட்டும் வீணாகாமல் எடுத்தால் சுமார் 180 லிட்டர் எத்தனால். நடைமுறையில் அதற்குக் கீழேதான். ஆனால் என்னை உறுத்துவது வேறொரு கணக்கு. 180 கிராம் குளுக்கோஸை ஈஸ்ட் தின்றால் 92 கிராம் எத்தனால் வருகிறது. மீதி 88 கிராம் கரியமில வாயுவாகக் குமிழியிட்டுப் போய்விடுகிறது. ஆறு கார்பனில் இரண்டை இழக்கிறோம். மழையும் வெயிலும் பத்து மாதம் சேர்த்து வைத்ததில் மூன்றில் ஒரு பங்கு. அப்படிக் கிடைத்த எத்தனாலும் லிட்டருக்கு லிட்டர் பெட்ரோலின் ஆற்றலில் மூன்றில் இரண்டு பங்குதான் தரும்.

இதற்கெல்லாம் மூலம் ஆக்சிஜன். குளுக்கோஸின் எடையில் பாதிக்கு மேல் அதுதான். பெட்ரோலில் ஆக்சிஜன் கிடையாது. சீனி என்பது பாதி எரிந்துபோன விறகு மாதிரி. அதிலிருந்து ஆக்சிஜனை எப்படிக் கழற்றுவது, கார்பனை எப்படிக் காப்பாற்றுவது? ஈஸ்ட் ஆக்சிஜனைக் கார்பனோடு சேர்த்து வெளியேற்றுகிறது. தண்ணீராக வெளியேற்ற முடிந்தால் கார்பன் நம்மிடமே நிற்கும்.

அப்படி ஒரு வழி இருக்கிறது என்று தற்செயலாகக் கண்டவர் ஜெர்மனியில் யேனா நகரத்து டோபரைனர். கவிஞர் கெதேவுக்கு வேதியியல் சொல்லிக்கொடுத்த நண்பர். சீனியிலிருந்து எறும்பின் அமிலமான ஃபார்மிக் அமிலத்தைத் தயாரிக்கப் போனவருக்கு, கூடவே சில துளி எண்ணெய் கிடைத்தது. 1832-ல் அதைப் பற்றி எழுதினார். தவிட்டிலிருந்து அதை நிறைய எடுக்கலாம் என்று பிறகு தெரிந்ததால், லத்தீனில் தவிட்டைக் குறிக்கும் சொல்லிலிருந்து ஃபர்ஃபுரால் என்று பேர் நிலைத்தது. செடியின் ஐந்து கார்பன் சீனியிலிருந்து அமிலத்தின் உதவியால் மூன்று தண்ணீர் மூலக்கூறு கழன்றால் ஃபர்ஃபுரால். ஐந்து கார்பனும் அப்படியே இருக்கும். 1922-ல் அமெரிக்காவில் குவேக்கர் ஓட்ஸ் நிறுவனம் ஆலையில் மலைபோல் குவிந்த ஓட்ஸ் உமியிலிருந்து இதை வியாபார அளவில் எடுக்க ஆரம்பித்தது. அதே டோபரைனர்தான் 1823-ல் பிளாட்டினப் பஞ்சின் மேல் ஹைட்ரஜனை ஊதினால் தானாகத் தீப்பற்றுவதையும் காட்டினார். சீனியையும் பிளாட்டினத்தையும் ஒரே மேசையில் வைத்திருந்த மனிதர். இரண்டையும் ஒரே பாத்திரத்தில் போட்டு எரிபொருள் எடுக்க இன்னும் ஏறக்குறைய 180 வருடம் ஆயிற்று.

ஏன் அவ்வளவு காலம்? அடுப்படியைக் கேளுங்கள். அல்வா கிண்டும்போது கொஞ்சம் அசந்தால் அடி பிடிக்கிறது. பெட்ரோலிய ஆலைகளில் எண்ணெயை ஆவியாக்கி வினையூக்கியின் மேல் அனுப்புவார்கள். சீனி ஆவியாகாது. சூடேற்றினால் பழுத்து, கருகி, கரியாகும். வினையூக்கியின் மேல் அந்தக் கரி படிந்தால் அதன் வேலை முடிந்தது.

2002-ல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் டுமெசிக்கும் ராண்டி கோர்ட்ரைட்டும் ருபின் டவ்டாவும் செய்தது பிரஷர் குக்கர் வித்தை. நம் வீட்டுக் குக்கரில் அழுத்தம் இருப்பதால் தண்ணீர் 120 டிகிரி வரை கொதிக்காமல் நிற்கிறது. அழுத்தத்தை வளிமண்டலத்தைப் போல் 25 மடங்குக்கு மேல் கூட்டினால் 225 டிகிரியிலும் தண்ணீர் தண்ணீராகவே இருக்கும். அதில் சீனியைக் கரைத்தே வைத்துக்கொண்டு, அலுமினாவின் மேல் தூவிய பிளாட்டினத்தின் மேல் ஓடவிட்டார்கள். மூலக்கூறு உடைந்தது, ஹைட்ரஜன் வந்தது. அதில் ஒரு பகுதி தண்ணீரிலிருந்தே வந்தது! அந்த ஆண்டு ஆகஸ்டில் நேச்சர் இதழில் அந்தக் கட்டுரை வெளியானது.

அதில் கவனிக்க வேண்டிய ஒரு விஷயம்: குளுக்கோஸை நேரடியாக விட்டால் பலன் குறைவு. அதை முதலில் சார்பிட்டால் ஆக்கிவிட்டால் நன்றாக வேலை நடக்கிறது. சார்பிட்டால் நமக்குப் புதிதல்ல. காலையில் பல் தேய்க்கும் பற்பசையில் லேசாக இனிப்பதும், பசை காயாமல் காப்பதும் அதுதான். குளுக்கோஸோடு நிக்கல் வினையூக்கியின் மேல் ஹைட்ரஜனைச் சேர்த்துத்தான் அதைச் செய்கிறார்கள். சீனிப் பாகு அடி பிடிக்கக் காரணமான முனையை ஹைட்ரஜன் மூடிவிடுகிறது, மூலக்கூறு சாதுவாகிவிடுகிறது.

ஹைட்ரஜன் கையில் வந்ததும் மற்றது தொடர்ந்து வந்தது. ஒரு பங்குச் சீனியை உடைத்து ஹைட்ரஜன் எடுப்பது, அதை வைத்து மீதிச் சீனியின் ஆக்சிஜனைத் தண்ணீராகக் கழற்றுவது, மிஞ்சிய துண்டுகளை ஜியோலைட்டின் மேல் ஓடவிட்டு நீளமான சங்கிலிகளாகவும் வளையங்களாகவும் கோப்பது. வெளியே வருவது எத்தனால் இல்லை. பெட்ரோலில் இருக்கும் அதே ஹைட்ரோகார்பன்கள். எந்த எஞ்சினும் வித்தியாசம் காணாது. டுமெசிக்கும் கோர்ட்ரைட்டும் தொடங்கிய விரென்ட் நிறுவனம் 2010-ல் ஷெல்லோடு சேர்ந்து ஆண்டுக்குச் சுமார் 38,000 லிட்டர் எடுக்கும் மாதிரி ஆலையை ஓட்டியது. அவர்கள் சீனியிலிருந்து எடுத்த பாராசைலீன் என்ற வளைய மூலக்கூறைக் கொண்டு, முழுக்கச் செடியிலிருந்தே செய்த பிளாஸ்டிக் பாட்டிலை 2015-ல் மிலான் கண்காட்சியில் கோகோ கோலா காட்டியது. அந்தப் பாட்டிலின் இன்னொரு மூலப்பொருளான கிளைக்காலை, கரும்புக் கழிவுப்பாகின் எத்தனாலிலிருந்து செய்யும் வேலை உத்தராகண்டின் காசிப்பூரில் இந்தியா கிளைக்கால்ஸ் ஆலையில் 1989 முதலே நடந்து வருகிறது. அந்த முன்னோடித்தனத்தை நாம் போதுமான அளவு பேசவில்லை.

விமானத்துக்கு வந்தால் விஷயம் இன்னும் சுவையானது. சமையல் எண்ணெயிலிருந்தும் கொழுப்பிலிருந்தும் செய்யும் பசுமை எரிபொருளில் வளைய மூலக்கூறுகள் இல்லை. எரிபொருள் குழாய்களின் இணைப்பில் இருக்கும் ரப்பர் வளையங்கள் அந்த மூலக்கூறுகளை உறிஞ்சி உப்பியிருந்தால்தான் கசியாமல் அடைத்துக்கொண்டிருக்கும். அதனால் பெட்ரோலியத்தைக் கலந்தே ஆக வேண்டியிருந்தது. சீனியிலிருந்து வந்த வளைய மூலக்கூறுகள் அந்த இடத்தை நிரப்பின. 2021 டிசம்பர் 1 அன்று சிகாகோவிலிருந்து வாஷிங்டனுக்குப் பயணிகளோடு பறந்த யுனைடெட் விமானத்தின் ஓர் எஞ்சின் முழுக்க இப்படிப்பட்ட எரிபொருளில் ஓடியது. 2023 நவம்பர் 28 அன்று லண்டனிலிருந்து நியூயார்க்குக்கு வர்ஜின் அட்லான்டிக் விமானம் இரண்டு எஞ்சினிலும் அப்படியே பறந்தது. அதன் எரிபொருளில் 12 சதவீதம் செடிச் சீனியிலிருந்து வந்தது.

இதையெல்லாம் படிக்கும்போது எனக்கு 1944-ன் அந்தத் தடைதான் திரும்பத் திரும்ப நினைவுக்கு வருகிறது. பசித்தவன் தட்டில் இருக்க வேண்டிய கிழங்கை எஞ்சினுக்குக் கொடுப்பதை என்னால் ஏற்க முடியாது. ஆனால் கிழங்கு மட்டுமா சீனி? சேலத்து ஜவ்வரிசி ஆலை வாசலில் மாவு பிழிந்தபின் மிஞ்சும் திப்பி பரப்பிக் காய்ந்துகொண்டிருக்கும். ஈரத்தில் புளித்த வாடை அடிக்கும் அந்தச் சக்கையைக் காயவைத்துப் பார்த்தால் அதன் எடையில் பாதி அளவுக்கு இன்னும் மாவு இருக்கிறது. மாட்டுத் தீவனத்துக்குப் போகிறது. முதலில் கை வைக்க வேண்டிய இடம் அது.

அதற்கும் அப்பால் வைக்கோலும் தண்டும். அவற்றின் செல்லுலோஸும் குளுக்கோஸ் சங்கிலிதான். கை கோத்த விதம் மட்டும் மாறியிருக்கிறது. அந்தச் சின்ன மாற்றத்தால் நம் உமிழ்நீர் அதை அறுக்காது; மாடும் தன் வயிற்று நுண்ணுயிர்களை நம்பித்தான் இருக்கிறது. இதை அறுக்கும் நொதிகளில் பேர்போனது ஒரு பூஞ்சையிடமிருந்து வந்தது. இரண்டாம் உலகப் போரில் சாலமன் தீவுகளில் அமெரிக்கப் படையின் பருத்திக் கூடாரங்கள் மழையில் இற்று விழுந்தன. தின்றது எது என்று தேடிப் பிடித்த பூஞ்சையைப் பிறகு எல்வின் ரீஸும் மேரி மாண்டல்ஸும் ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார்கள். ரீஸின் பேராலேயே அதற்கு டிரைகோடெர்மா ரீசை என்று பேர் வந்தது. கூடாரத்தைத் தின்ற நொதிதான் வைக்கோலையும் சீனியாக்கலாம் என்ற வழியைத் திறந்தது.

திருவனந்தபுரத்தின் பாப்பனம்கோட்டில் 1975-ல் தொடங்கிய அறிவியல் ஆராய்ச்சிக் கூடம் இன்று தேசியப் பல்துறை அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம். அங்கே உயிரி எரிபொருளுக்கென்றே ஒரு மையம் வைத்து வைக்கோல், கரும்புத் தோகை, ஆகாயத்தாமரை, மிளகாய்ச் செடியின் காய்ந்த தண்டு என்று ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். அசோக் பாண்டே, ராஜீவ் சுகுமாரன், பரமேஸ்வரன் பினோத் முதலியோர் வைக்கோல் எத்தனாலைப் பற்றி 2010-ல் வெளியிட்ட கட்டுரையை உலகெங்கும் இந்தத் துறையினர் மேற்கோள் காட்டுகிறார்கள். 2022 ஆகஸ்டில் ஹரியானாவின் பானிப்பட்டில் இந்தியன் ஆயில் தொடங்கிய ஆலை ஆண்டுக்கு 2 லட்சம் டன் வைக்கோலிலிருந்து 3 கோடி லிட்டர் எத்தனால் எடுக்கத் திட்டமிட்டது. அங்கும் ஈஸ்ட்தான், மூன்றில் ஒரு கார்பன் அங்கும் போகும். வைக்கோலின் சீனியைப் பிளாட்டினத்துக்கோ நிக்கலுக்கோ கொடுப்பது எளிதில்லை. வைக்கோலைக் கரைத்தால் சீனியோடு அமிலமும் உப்பும், தண்டுக்கு விறைப்புத் தரும் லிக்னினின் துணுக்குகளும் சேர்ந்தே வரும், அவை வினையூக்கியைக் கெடுக்கும். சீனியைச் சுத்தம் செய்யும் செலவில்தான் இன்று எல்லாம் மாட்டிக்கொண்டு நிற்கிறது.

மரச்சீனி பிடுங்கும் நாளில் விளைக்குப் போனால் தெரியும். இரண்டு கையாலும் தண்டைப் பிடித்து அசைத்து, மண் இளகியதும் குலையோடு தூக்குவார்கள். கிழங்கை ஒடித்துக் கூடையில் போட்டபின் தண்டுகளைக் கட்டுக் கட்டாகப் பலாமரத்து நிழலில் நிமிர்த்தி வைப்பார்கள். அடுத்த நடவுக்குச் சாண் அளவு குச்சிகளாக நறுக்க அதில் கொஞ்சம் போதும். மற்றவை வரப்போரத்தில் கிடந்து, பால் வற்றி, இலைத்தழும்புகள் வரிசையாகத் தெரிய வெளுத்துக் காயும். கிழங்கில் இருக்கும் அதே குளுக்கோஸ்தான் அவற்றிலும், கை கோத்த விதம் மாறி. எங்கள் பக்கம் அதை வெந்நீர் அடுப்பில் வைக்கிறார்கள்.